காஜா பேராங்கில் ஒரு பாட்டைப் பிரபலமாக்கிய குற்றம்

1

சுதந்திரம் வந்து ஏழு ஆண்டு ஆனதை எங்கள் மலாக்காவில் வழக்கம்போலக் கொடியேற்றி, பிள்ளைகளுக்குப் பொட்டலத்தில் பிஸ்கட் கொடுத்துக் கொண்டாடினார்கள். என் மகள் வசந்தியின் பள்ளிக்கூடத்தில் பாட்டும் இருந்தது. பன்னிரண்டு வயதுப் பெண்கள் எட்டுப் பேர் மலாய் உடையில் வரிசையாக வந்து நின்றார்கள். முதல் அடியில் நான் நாற்காலியில் நிமிர்ந்தேன். இரண்டாம் அடியில் வியர்த்தது. மூன்றாம் அடியில் பக்கத்தில் இருந்த என் மனைவி செல்லம்மாள் முழங்கையால் இடித்து, "என்னங்க, வயித்த வலியா?" என்று கேட்டாள்.

வயிறு நன்றாகத்தான் இருந்தது. மெட்டுதான் கோளாறு. சொற்கள் மலாய், படகு, நிலா, திரும்பி வராத மாலுமி என்று போனது. மெட்டு மட்டும் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு தமிழ்ச் சினிமாப் பாட்டு. எவ்வளவு நன்றாக என்றால், ஒரு காலத்தில் அது என் கட்டிலுக்கு அடியில் குடியிருந்தது.

வீட்டுக்கு நடக்கும்போது கேட்டேன். "அந்தப் பாட்டை யாரும்மா சொல்லிக்கொடுத்தா?"

"டீச்சர்தான். நாட்டுப் பாட்டுப்பா. மலாக்கா பாட்டு. ரொம்ப பழசுலா."

"எவ்வளவு பழசு?"

"போர்த்துகீசியர் காலத்துல இருந்தே இருக்காம்."

அந்தப் பாட்டு சிங்கப்பூரிலிருந்து லாரியில், மரப்பெட்டிக்குள் வைக்கோல் சுற்றி வந்து இறங்கியதை என் கண்ணால் பார்த்தவன் நான். பெட்டியை இறக்கியபோது என் கால் கட்டைவிரல் நசுங்கியது. போர்த்துகீசியர் யாரும் அப்போது பக்கத்தில் இல்லை.

ஆனால் வசந்தியிடம் இதை எந்த மொழியில் சொல்வது? நான் தமிழில் ஆரம்பித்தால் அவள் பாதியில் ஆங்கிலத்துக்குத் தாவி, முடிக்கும்போது மலாயில் நிற்பாள். அவள் அண்ணன் ரவி அதுகூட இல்லை. கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு எல்லாக் கேள்விக்கும் தலைமுடியை அசைத்தே பதில் சொல்கிறான். "பழசுதாம்மா, ரொம்பப் பழசு" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

ஊரில் இருக்கும் உங்களுக்கு இதை எழுதுவதற்குக் காரணம், இங்கே இருப்பவர்களிடம் சொல்ல முடியாததுதான்.

2

முதலில் என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். காரைக்குடியில் எனக்குப் பத்தொன்பது வயதானபோது கிடைத்த முதல் உத்தியோகம் கத்துவது. நாடகக் கொட்டகையில் பாட்டு முடிந்ததும் "ஒன்ஸ் மோர்" என்று கத்த வேண்டும். மூன்று பேரை நியமித்திருந்தார்கள். ஒருவர் முன்னால் மணலில், ஒருவர் நடு பெஞ்சில், நான் பின்னால் கம்பத்தடியில். ஹார்மோனியக்காரர் துண்டால் நெற்றியைத் துடைத்தால் கத்தலாம். துடைக்காவிட்டால் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். சம்பளம் கிடையாது, நாடகம் இலவசம்.

ஒரு முறை புதுப் பாட்டு ஒன்று வந்தது. கேட்க முடியாத பாட்டு. பாடியவருக்குத் தொண்டையும் கட்டியிருந்தது. ஆனாலும் ஹார்மோனியக்காரர் நெற்றியைத் துடைத்தார், நாங்கள் கத்தினோம். மறுபடி பாடினார், மறுபடி துடைத்தார், மறுபடி கத்தினோம். மூன்றாவது தடவை எங்களுக்கு முன்னால் கூட்டம் கத்தியது. அடுத்த வாரம் பால்காரர் அதைப் பாடிக்கொண்டே பால் ஊற்றினார்.

அன்றைக்கு எனக்கு ஒன்று புரிந்தது. கூட்டத்துக்குப் பிடித்திருப்பதால் மூன்று பேர் கத்துவதில்லை. மூன்று பேர் கத்துவதால் கூட்டத்துக்குப் பிடித்துப்போகிறது. இந்த அறிவோடு ஒருவனைக் கப்பலில் ஏற விட்டிருக்கக் கூடாது. பினாங்குத் துறைமுகத்தில் என் பெட்டியைத்தான் சோதித்தார்கள்.

3

போர் முடிந்து ஓராண்டு கழித்து மலாக்கா வந்தேன். வந்து சேர்ந்த இடம் ஓர் இசைத்தட்டுக் கடை. தமிழ், மலாய், சீனம், இந்தி எல்லாம் விற்போம். வானொலிப் பெட்டி பழுது பார்ப்போம். கல்யாணத்துக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விடுவோம். முதலாளி சீனர். இங்கே முதலாளியைத் 'தவுக்கே' என்போம். தங்கமான மனிதர், ஆனால் தங்கத்தைப் போலவே கனமாகக் கோபப்படுவார். வீடு பார்த்துக்கொண்டது காஜா பேராங் என்ற பகுதியில். கடைக்கு சைக்கிளில் பத்து நிமிடம்.

சுதந்திரம் வந்த அந்த ஆண்டின் தொடக்கத்தில் தவுக்கே ஒரு கல்யாணத்துக்காகப் பினாங்கு போனார். ஒரு மாதத்துக்கு மேல் வரமாட்டார். சிங்கப்பூர் மொத்த வியாபாரிக்கு அனுப்ப வேண்டிய தேவைப் பட்டியலை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். அதில் ஓடாத ஒரு தமிழ்ப் படத்தின் பாட்டு இருந்தது. பாட்டு சுமார், ஒருத்தி ஒருவனுக்காகக் காத்திருக்கிறாள், அவ்வளவுதான். பன்னிரண்டு தட்டு போதும் என்று தவுக்கே சொல்லியிருந்தார். நான் கட்டத்தில் அழகாகப் பன்னிரண்டு என்று எழுதினேன். அந்தக் கட்டத்தின் தலையில் 'டஜன்' என்று அச்சடித்திருந்ததை லாரி வந்த பிறகுதான் படித்தேன்.

நூற்று நாற்பத்து நான்கு தட்டுகள். மலாக்காவில் அப்போது கிராமபோன் வைத்திருந்த தமிழ் வீடுகளைக் கூப்பிட்டு நிறுத்தினால்கூட அத்தனை தேறாது.

பயந்தால் சிலர் அழுவார்கள், சிலர் சாமி கும்பிடுவார்கள். நான் பொருளை ஒளித்து வைப்பேன். பெட்டிகளை இரண்டு நடையாக சைக்கிளில் வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

"என்னங்க இது, கட்டிலு ஒசந்திருக்கு?" என்றாள் செல்லம்மாள்.

"ஈரம் ஏறாம இருக்க."

"ஈரத்துக்குப் பாட்டுப் பெட்டியா வைப்பாங்க?"

அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்று நம்பித்தான் கல்யாணம் செய்துகொண்டேன். பெட்டியில் போட்டிருந்த படத்தைப் பார்த்தே முழுக்கதையையும் சொல்லிவிட்டாள்.

4

சனிக்கிழமை மாலையில் வானொலியில் நேயர் விருப்பம் வரும். விரும்பிய பாட்டின் பெயரையும், கேட்பவர்கள் பெயரையும் ஓர் அஞ்சலட்டையில் எழுதிப் போட வேண்டும். பாட்டுக்கு முன்னால் அறிவிப்பாளர் பெயர்களை ஊர்வாரியாக வாசிப்பார். ஒரே அட்டையில் வந்த பெயர்களைச் சேர்த்தே வாசிப்பார்: கணவன் மனைவி, அண்ணன் தம்பி, கூட்டாளிகள். பெயர் எவ்வளவு நீளமாகப் போகிறதோ, பாட்டுக்கு அவ்வளவு மதிப்பு.

எனக்கு ஹார்மோனியக்காரர் நெற்றியைத் துடைத்தது நினைவுக்கு வந்தது.

முதலில் கற்பனைப் பெயர்களாக எழுதினேன். பத்து அட்டை முடிந்ததும் பயம் வந்துவிட்டது. யாராவது சரி பார்த்தால்? இல்லாத வீட்டு எண்ணுக்குப் போலீஸ் வந்தால்? உடனே கடையின் பழுது பார்க்கும் பதிவேட்டைத் திறந்தேன். அதில் உயிருள்ள மனிதர்கள், உண்மையான முகவரிகள். வலது கையால் கொஞ்சம், இடது கையால் கொஞ்சம், பென்சிலால் கொஞ்சம், பெண்கள் பெயருக்கு ஊதா மையில் சாய்வாக. ஓர் அட்டையில் என் பெயரையும் போட்டுக்கொண்டேன், சந்தேகம் வராமல் இருக்க. பண்டார் ஹிலிரில் சில, புக்கிட் பாருவில் சில, எங்கள் தெருமுனையில் சில என்று சைக்கிளில் சுற்றித் தபால்பெட்டிகளில் போட்டேன். மலாக்காவைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள்கூட அந்த வாரம் என்னளவுக்குச் சுற்றியிருக்கமாட்டார்கள்.

சனிக்கிழமை பாட்டு வந்தது. அதற்கு முன் பெயர்கள், பெயர்கள், பெயர்கள். காஜா பேராங் முழுவதும் ஒலித்தது.

திங்கட்கிழமை எனக்கு முடிவெட்டுகிற ராமு கடைக்கு ஓடி வந்தார். "சோமு, ரேடியோல எம் பேரு! கேட்டியா? முழுசா, இனிஷியலோட!"

"நீங்க எழுதினீங்களா?"

"நான் எங்க எழுதினேன்? கிள்ளான்ல நம்ம மச்சான் இருக்கானே, அவன் வேலையாத்தான் இருக்கும். எம்மேல அவ்ளோ பாசமா இருக்கான் பாரேன். நான் அவன்கூடப் பேசி ரெண்டு வருசம் ஆச்சு. சரி, அந்தப் பிளேட்டு இருக்கா?"

ஒருவரும் 'நான் எழுதவில்லையே' என்று சண்டைக்கு வரவில்லை. தம்மை யாரோ நினைத்திருக்கிறார்கள் என்றே எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். தம் பெயரோடு வந்த பாட்டு தம் பாட்டு. வாங்கினார்கள்.

தையல்காரர் வேலுவின் மனைவியும் வந்தார். வேலு இறந்து நான்கு மாதமாகியிருந்தது. பதிவேட்டில் அது இல்லை.

"தபாலு லேட்டா போயிருக்கு தம்பி. சாகறதுக்கு முன்னாடி எழுதிப் போட்டிருக்கார் மனுசன். எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல பாருங்க."

அவர் வீட்டில் கிராமபோன் இல்லை. ஆனாலும் ஒரு தட்டு கேட்டார். வேண்டாம் அக்கா என்று சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை. உறையில் போட்டு, கட்டிக் கொடுத்தேன்.

5

நான்காவது வாரம் எழுதுவதை நிறுத்தினேன். கட்டில் பழைய உயரத்துக்கு இறங்கிவிட்டது. தவுக்கே வந்து கணக்குப் பார்த்து, அந்தப் பாட்டுக்கு இன்னும் ஐந்து டஜன் எழுதச் சொன்னார். என் தோளில் தட்டினார். அந்தத் தட்டு இன்னும் வலிக்கிறது.

நான் நிறுத்தினாலும் பாட்டு நிற்கவில்லை. ஈப்போ, தைப்பிங், கோலசிலாங்கூர் என்று நான் போகாத ஊர்களிலிருந்து பெயர்கள் வந்தன. வாழைப்பழம் பொரித்து விற்கும் மலாய்க்காரர் எண்ணெய்ச் சட்டிக்கு மேலே அதை முனகினார். கல்யாணங்களில் நாதஸ்வரக்காரரிடம் கேட்டு வாசிக்கவைத்தார்கள். மலாய் ரொங்கெங் ஆட்டக்காரர்களின் வயலினுக்குள் அது நுழைந்தது. எங்கள் பகுதியில் செட்டி மக்கள் இருக்கிறார்கள். நம் பக்கத்துச் செட்டியார்கள் இல்லை. எத்தனையோ தலைமுறைக்கு முன் வணிகம் செய்ய வந்து, இங்கேயே பெண் கட்டி, இந்த மண்ணோடு ஆகிவிட்டவர்கள். கோயிலும் திருநீறும் நம்முடையவை, வீட்டுப் பேச்சு மலாய். தமிழ் தெரியாத அவர்களும் அந்தப் பாட்டை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை பாடினார்கள். பொருள் கேட்டால் சிரிப்பார்கள்.

இப்படித்தான் இந்தக் காலத்தில் ஒரு பாட்டு மக்கள் பாட்டாகிறது போலிருக்கிறது. முன்பெல்லாம் யார் கட்டியது என்று தெரியாமல் போக நூறு வருடம் ஆகியிருக்கும். இப்போது மின்சாரம் வந்துவிட்டது, ஏழு வருடம் போதும். ஒரு பொய்யன் பயத்தில் தள்ளிவிடுகிறான், வானொலி கூவுகிறது, பிறகு உண்மையான மனிதர்கள் தங்கள் உண்மையான ஏக்கத்தை எல்லாம் அதில் கொட்டிவைக்கிறார்கள். அதற்குப் பிறகு அது பொய்யனுடையது இல்லை. இந்தக் கடைசி வாக்கியம் எனக்கு இப்போது தெரியும். அப்போது தெரியாது. மலாயாவில் அந்தப் பாட்டு எங்கே கேட்டாலும், தபால்பெட்டியில் நான் போட்டதுதான் திரும்பி வருகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். திருடனுக்கும் ஒரு கர்வம் உண்டு.

6

எங்கள் தெருவில் ஓவர்சியர் முத்தையா இருந்தார். சாலை போடும் வேலைகளை மேற்பார்வை பார்க்கிறவர். தெருவில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. ஒரே மகள் சரோஜா, தமிழ்ப் பள்ளியில் ஆசிரியை. பக்கத்து ஊரான தம்பினில் ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸருக்கு அவரைப் பேசி முடித்திருந்தார்கள்.

அப்போது எனக்கு ஓவர்சியரிடம் ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தது. சுதந்திரம் வரப்போகிறது, குடியுரிமைக்கு மனுப் போட வேண்டும். நான்கு முறை வரிசையில் நின்றேன். முதல் முறை தவறான வரிசை, இரண்டாம் முறை சரியான வரிசையில் தவறான ஃபாரம். மூன்றாம் முறை அதிகாரி மலாயில் ஏதோ கேட்டார். என் மலாய் மீன் வாங்கப் போதும், நாடு வாங்கப் போதாது. பிழைப்பு என்ன என்று கேட்டவரிடம் உடல்நலத்தை விவரித்தேன். நான்காம் முறை மனு எழுதிக்கொடுக்கிற பெரியவர், "ஊர்ல மதிப்பான ஒருத்தர், இவன் ஒழுங்கானவன்னு ஒரு நற்சான்று குடுத்தா நல்லதுப்பா" என்றார். மதிப்பான ஒருத்தர் என்றால் ஓவர்சியர்தான். எப்படிக் கேட்பது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது அவரே கடைக்கு வந்துவிட்டார்.

ரேடியோப் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்தார். பத்து வருடத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"போன சனிக்கெழம நேயர் விருப்பம் கேட்டியா சோமு?"

"இல்லீங்களே." அன்று கேட்கவில்லை, அது உண்மை.

"காஜா பேராங் சரோஜா, நடராஜா. ரெண்டு பேரும் சேந்து அந்தப் பாட்ட கேட்டிருக்காங்களாம். தம்பின்ல சம்பந்தியம்மா அடுப்பாங்கரையில இருந்து கேட்டுட்டாங்க. ஆள் அனுப்பிட்டாங்க. யாரு அந்த நடராஜான்னு."

நடராஜா செட்டி வீட்டுப் பையன். நில அலுவலகத்தில் குமாஸ்தா. கடைக்கு வந்து மலாய்ப் பாட்டுத் தட்டு வாங்குவான். என்னை "சோமு அங்கிள்" என்பான், என் மலாயைக் கேட்டுச் சிரிக்கமாட்டான். அதற்காகவே அவனைப் பிடிக்கும். அவன் பெயரை நான் அட்டையில் எழுதியது நிச்சயம். சரோஜா பெயரை எழுதியதும் நிச்சயம். ஓவர்சியர் வீட்டு வானொலி இரண்டு முறை பழுதுக்கு வந்திருக்கிறது. இரண்டையும் ஒரே அட்டையில் எழுதினேனா? நினைவில்லை. அறுபது எழுபது அட்டையைக் காய்ச்சல்காரன்போல எழுதித் தள்ளியவனுக்கு என்ன நினைவிருக்கும்? நான் நிறுத்தி மூன்று வாரம் ஆகியிருந்ததே என்றுகூடத் தோன்றவில்லை. வேலுவின் மனைவி சொன்ன மாதிரி, தபால் லேட்டா போயிருக்கும் என்று இருந்துவிட்டேன்.

"சரோஜா என்ன சொல்லுது?" என்று கேட்டேன்.

"வாயத் தொறக்கல. அழுகறதும் இல்ல. சுவத்தப் பாத்துட்டு உக்காந்திருக்கு."

பாவம், ஒரு தவறும் செய்யாத பெண் வேறு என்ன செய்வாள் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை, இறங்கியது தங்கவில்லை. மூன்றாம் நாள் செல்லம்மாள் கதவுக்கு வெளியே நின்று, "கக்கூஸ்லயே குடியுரிம வாங்கப் போறீங்களா? போய் உண்மையச் சொல்லிட்டு வாங்க" என்றாள்.

போனேன். சொன்னேன். கட்டில், பெட்டி, இடது கை, ஊதா மை, வேலு, எல்லாம். அறைவார் என்று கன்னத்தைத் தயாராகவே வைத்திருந்தேன். ஓவர்சியர் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"அட படுபாவிப் பயலே! நீதானா!" அவர் கண்ணில் தண்ணீர். "கெளம்பு, தம்பினுக்கு."

7

பஸ்ஸில் போனோம். சம்பந்தியம்மா வெற்றிலைத் தட்டோடு உட்கார்ந்திருந்தார். நான் சொல்லி முடித்தேன். அவர் நம்பவில்லை.

"தம்பி, எனக்கும் அந்தப் பாட்டு புடிக்கும். இந்தத் தோட்டமே பாடுது. நீ எழுதி வந்ததுங்கிற? ஒன்னப் பாத்தா பாட்ட கொண்டாற ஆளு மாதிரி இல்லியே. ஓவர்சியர் ஐயா எவ்ளோ குடுத்தாரு?"

என் வாழ்க்கையில் முதல் தடவையாக உண்மை பேசி, முதல் தடவையாக நம்பப்படாமல் போனேன். தாளும் பேனாவும் கேட்டேன். வலது கையால் ஒரு முறை, இடது கையால் ஒரு முறை, கிழவர் கை நடுங்குவதுபோல ஒரு முறை, பெண்பிள்ளை சாய்த்து எழுதுவதுபோல ஒரு முறை எழுதிக் காட்டினேன். அவர் தாளை விளக்குப் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். உள்ளேயிருந்து மகனைக் கூப்பிட்டார். டிரஸ்ஸர் வந்து பார்த்தார். அமைதியான பையன். அவரும் சிரித்தார்.

"எல்லாஞ் சரி," என்றார் அம்மா, "அந்த நடராஜா?"

இங்கேதான் நான் என் வெற்றி வாதத்தை எடுத்துவிட்டேன். "அம்மா, அவன் செட்டிப் பையன். தமிழ் ஒரு சொல் தெரியாது. வீட்ல பேசறது மலாய். தமிழ் தெரியாதவன் தமிழ்ப் பாட்டு கேட்டு, தமிழ்ல கார்டு போடுவானா? நீங்களே சொல்லுங்க!"

அம்மா தலையாட்டினார். ஓவர்சியர் தொடையில் தட்டினார். அவ்வளவு நன்றாக நான் எந்தப் பொய்யையும் நிரூபித்ததில்லை.

தேதி குறித்துக்கொண்டு திரும்பினோம். பஸ்ஸில் ஓவர்சியர் எனக்கு வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தார்.

8

கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது ஒரு காலையில் சரோஜா கடைக்கு வந்தார். தவுக்கே உள்ளே இருந்தார். சரோஜா இசைத்தட்டுகளைப் பார்ப்பதுபோல நின்றுகொண்டு மெதுவாகப் பேசினார்.

"தம்பின்ல நாலு விதமா எழுதிக் காட்டினீங்களாம்ணே."

"ஆமாம்மா. ஒனக்குக் குடுத்த தொந்தரவுக்கு நான் எப்படி..."

"என் எழுத்த எழுதிக் காட்டினீங்களா?"

எனக்குப் புரியவில்லை.

"அந்தக் கார்டு நான் எழுதினதுண்ணே. பச்ச மை. ஒரு மூலையில சின்னதா பூ போட்டிருந்தேன். ரேடியோக்காரங்க பூவ வாசிக்க மாட்டாங்கல்ல, ஒங்களுக்கு எப்படித் தெரியும்."

நான் பூ போட்டதில்லை. எழுபது அட்டையில் ஒன்றில்கூட இல்லை.

"ஆனா அவனுக்குத் தமிழ்..."

"நான்தான் வரிவரியா சொன்னேன். மொதல்ல பாட்டாக் கத்துக்கிட்டாரு, அப்புறம் அர்த்தம் கேட்டாரு." ஒரு தட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "அப்பா மூஞ்சியப் பாத்து எனக்கு வாய் வராது. ரேடியோ சொல்லட்டும்னு விட்டேன். அது சொல்லிடுச்சு. தம்பின்காரங்க வேணாம்னு சொல்ற நேரம். நீங்க போயி, அது நீங்க எழுதினதுன்னுட்டீங்க."

"நீ ஏம்மா அப்பவே சொல்லல?"

"நீங்க சத்தியமா சொன்னீங்கன்னு அப்பா சொன்னாரு. அதுக்கப்புறம் நான் சொன்னா யாரு நம்புவா?"

"இன்னிக்கே போறேன்," என்றேன். "இன்னிக்குச் சாயங்காலமே வந்து அப்பாகிட்ட சொல்றேன்."

"சொல்லுவீங்களாண்ணே?"

கெஞ்சவில்லை. மணி என்ன என்று கேட்பதுபோலத்தான் கேட்டார். நான் நெஞ்சில் கைவைத்துச் சொன்னேன்.

9

சரோஜா இப்போது தம்பின் பக்கத்தில் இருக்கிறார். மூன்று பிள்ளைகள். டிரஸ்ஸர் நல்ல மனிதர், ஒரு குறை சொல்ல முடியாது. குறை சொல்ல முடிந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும். அவரைத் திட்டிக்கொண்டாவது இருப்பேன். நடராஜா அந்த ஆண்டே ஜொகூருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டான். போவதற்கு முன் கடைக்கு வரவில்லை.

அந்தச் சாயங்காலத்தைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

சொன்னபடி போனேன். வழியெல்லாம் வாசகத்தை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். ஓவர்சியர் வாசலிலேயே கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்தார். "ஒன்னத் தேடி ஆள் அனுப்பணும்னு இருந்தேன்" என்று மேசை மேலிருந்த ஒரு தாளை எடுத்தார். மனு எழுதும் பெரியவரிடம் அவரே போய் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து வாங்கி வந்திருந்தார். எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டினார். இவரைப் பத்தாண்டுகளாக அறிவேன். தான் செய்த பிழையைத் தானே முன்வந்து ஒப்புக்கொண்டு, அதனால் ஒரு குடும்பத்தின் மானத்தைக் காப்பாற்றிய நேர்மையாளர். இப்படிப்பட்டவர்கள் நம் புதிய நாட்டுக்குத் தேவை.

என் முன்னாலேயே பேனாவைத் திறந்து கையெழுத்திட்டார். ஊதி மையை உலர்த்தினார்.

சரோஜா தேநீர் கொண்டுவந்தார். என் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போகவில்லை. கதவோரம், தட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏதோ சொல்லணும்னு வந்த மாதிரி இருக்கே சோமு?" என்றார் ஓவர்சியர்.

எனக்கு முப்பத்தேழு வயது. மனைவி, இரண்டு பிள்ளைகள், ஐந்தாம் முறை நிற்கவேண்டிய வரிசை. அதெல்லாம் காரணம் என்று பிறகு சேர்த்துக்கொண்டது. அந்த நிமிடத்தில் ஒரு காரணமும் இல்லை. ஒருவர் முதல் தடவையாக என்னை நேர்மையாளன் என்று எழுதி, அதன் ஈரம் இன்னும் காயவில்லை; அவ்வளவுதான்.

"ஒண்ணுமில்லீங்க," என்றேன். "கல்யாணத்துக்கு ஒலிபெருக்கி நம்ம கடையிலேர்ந்துதானேன்னு கேக்க வந்தேன்."

"பின்ன? அதுல கேள்வி என்ன!"

தாளை இரண்டாக மடித்து, மறுபடி இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். தேநீரைக் கடைசிச் சொட்டுவரை குடித்தேன். கோப்பையை எடுக்க சரோஜா வந்தபோது, நல்லா இருந்துச்சும்மா என்றும் சொன்னேன்.